நல்ல தண்ணி மோட்டார்

படகு மோட்டார் வெள்ளையாக இருந்தால் உப்புத் தண்ணீருக்கு, கறுப்பாக இருந்தால் நல்ல தண்ணீருக்கு. கடலோர ஊரான போர்ட் செலஸ்டில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். எலோடிக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தக் கறுப்பு மோட்டாரைக் கொண்டுவந்தாள். வடக்கே ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சித்தப்பா மகன் வெர்லின் அதை அவளுக்குக் கொடுத்தான் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அவள் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"எலோடி, சொன்னாக் கேளு. இது ஏரியில வளந்த புள்ள," என்றான் வெர்லின். "உங்க வளைகுடாவுல விட்டா ஒரு சீசன் தாங்கறதே பெருசு. அலுமினியத்த உப்பு அரிச்சுடும். ஒயரெல்லாம் பச்சை பூத்துடும். அப்புறம் என் மேல பழி சொல்லாத."

"கழுவினா?"

"தினமும் கழுவணும். கரைக்கு வந்து காயறதுக்குள்ள நல்ல தண்ணியில கழுவணும். தொடச்சு கிரீஸ் போடணும். ஒரு நாள் விட்டாலும் போச்சு."

"நாலு புள்ளைங்களக் கழுவி வளத்தவ நான். ஒரு மோட்டாரக் கழுவ மாட்டேனா?"

எலோடி மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்தாள். தடுத்துப் பயனில்லை என்று வெர்லினுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

போன குளிர்காலத்தில் எலோடியின் கணவன் அல்சீட்டுக்குப் பக்கவாதம் வந்தது. நாற்பது வருஷம் இறால் படகு ஓட்டிய ஆள். ஊரே கேப்டன் என்று கூப்பிடும். வலது கை ஈரத் துணி மாதிரித் தொங்கிவிட்டது. படகு மோட்டாரின் கயிற்றை இழுத்துக் கிளப்ப அந்தக் கைதான் வேண்டும். கை போனதுகூடப் பெரிதில்லை. வார்த்தைகள் போய்விட்டன. தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் நாற்காலி என்று வரும். தப்பாக வந்தது அவனுக்கே தெரியும். தெரிந்ததும் திட்டுவான். ஆண்டவன் என்ன கணக்கில் விட்டுவைத்தானோ, கெட்ட வார்த்தைகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன. நலம் விசாரிக்க வந்த பாதிரியாரிடம் அவன் சொன்ன ஒரே வாக்கியத்தை எலோடி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். பேச்சுக் கொடுங்கள், நடக்க வையுங்கள், உப்பைக் கண்ணில் காட்டாதீர்கள். பேச்சுக் கொடுத்தாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நடக்க வைத்தாள், நாற்காலிவரை நடந்து உட்கார்ந்துகொண்டான். உப்பை மட்டும் அவளால் ஒழுங்காக நிறுத்த முடிந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்த வீட்டில் அது குப்பைக்குப் போகாமல் தினம் மூன்று வேளை மேசைக்கு வந்தது. வெண்டைக்காயும் இறாலும் போட்ட கம்போ குழம்பை உப்பில்லாமல் வைப்பது பாவம் என்று நினைக்கிற ஊர் அது. அல்சீட் ஒரு வாய் வைப்பான், கரண்டியைப் போடுவான், அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வையில் வார்த்தை இருந்தது. வாயில்தான் இல்லை.

மூன்று மாதம் அப்படி. அவன் செத்துப்போகவில்லை, ஆனால் வீட்டில் இல்லை என்று எலோடிக்குத் தோன்ற ஆரம்பித்தது. நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனிதனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தேடுவது என்ன வேதனை என்பது தேடியவர்களுக்குத்தான் தெரியும். அப்போதுதான் வெர்லினின் மோட்டார் ஞாபகம் வந்தது. கயிறு இழுக்க வேண்டாம். பாட்டரியில் ஓடும். கைப்பிடியை இடது கையால் திருகினால் போதும்.

பக்கத்து வீட்டு டியூரல் அதைத் தட்டைப் படகின் பின்பக்கம் மாட்டிக் கொடுத்தான். நண்டுக் கூடு போடுகிறவன், நாற்பத்தைந்து வயது, வாய் மட்டும் எண்பது வயசுக்குப் பேசும்.

"மிஸ் எலோடி, கறுப்பா இருக்கே!" என்றான். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தாலும், மூத்த பெண்களை மிஸ் என்பதுதான் அந்த ஊர் மரியாதை.

"கண்ணு தெரியுதே உனக்கு. சந்தோஷம்."

"இல்ல, இது நல்ல தண்ணிக்காரன். வளைகுடாவுக்குக் கூட்டிட்டுப் போனா மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ள கணக்கா மூணே நாள்ல மூஞ்சி மாறிடும்."

"உன்ன உங்க மாமியார் வீட்டுல எத்தன நாள் வெச்சிருந்தாங்க?"

"ரெண்டு நாள்," என்று சொல்லி டியூரல் நட்டை முறுக்கினான்.

முதல் நாள் எலோடியும் கூடப் போனாள். அல்சீட் பின்பலகையில் உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெல்லத் திருகினான். சத்தமே இல்லாமல் படகு கரையை விட்டு நகர்ந்தது. கால்வாய் தாண்டி, நாணல் தாண்டி, லாரியே என்கிற வளைகுடா திறந்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. நண்டுக் கூட்டின் மிதவை ஒன்றுக்குப் பக்கத்தில் போகும்போது அவன் கைப்பிடியை விட்டுவிட்டு விரலை நீட்டினான்.

"நண்டு," என்றான்.

சரியான வார்த்தை. சரியான இடத்தில். திட்டும் வரவில்லை. எலோடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவளையும் மிதவையையும் மாறி மாறிப் பார்த்தான், நண்டுக்கு யாராவது அழுவார்களா என்பது போல.

அன்று சாயங்காலம் அடுக்களைக் காலண்டரில், அந்தத் தேதிக் கட்டத்துக்குள், நண்டு என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு தினமும் போனான். இரண்டாவது வாரம் தனியாகவே போனான். படகில் அவன் கைக்கு எட்டும் இடத்தில், கேட்கவும் பேசவும் முடிகிற ரேடியோவைக் கட்டிவிட்டாள். அடுக்களையில் ஐஸ் பெட்டி மேல் இருக்கும் ரேடியோவையும் அதே அலைவரிசையில் திறந்து வைத்தாள். இறால் சீசன்களில் அவனுக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்த அதே ரேடியோதான். அவன் ஒரு நாளும் அதில் பேசவில்லை. போவான், இரண்டு மூன்று மணி நேரத்தில் வருவான், வரும்போது ஒரு வார்த்தை கொண்டுவருவான். காற்று. கொசு. வலை. மழை வராது. இப்படி. நிலத்தில் வராத வார்த்தை தண்ணீரில் எப்படி வருகிறது என்று டாக்டரைக் கேட்டாள். எனக்குத் தெரியாது, நிறுத்தாதீர்கள் என்றார். டாக்டர்கள் சொன்னதிலேயே அவளுக்குப் பிடித்த பதில் அதுதான்.

ஒரு நாள் கரையேறும்போது எதிரே வந்தவனைப் பார்த்து, "டியூரல்!" என்றான் கணீரென்று.

டியூரல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துக் கூத்தாடினான். எலோடியும் கை தட்டினாள். உள்ளே போய்க் காலண்டரில் எழுதும்போது மட்டும் பென்சில் கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் பெயர் வந்துவிட்டது. எப்போதோ கடலில் விழுந்து செத்த அவர்கள் நாயின் பெயர்கூட வந்துவிட்டது. அவள் பெயர் வரவில்லை. அவளை அவன் கேப்டன் என்றுதான் கூப்பிட்டான். "கேப்டன், காப்பி," என்பான். உடனே தப்பு என்று தெரிந்து பல்லைக் கடித்துத் திட்டுவான்.

"பரவால்ல, ஷா," என்பாள் அவள். ஷா என்றால் அந்த ஊரில் கண்ணே என்று அர்த்தம். "இந்த வீட்டுல கேப்டன் யாருன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டியே."

சிரித்துக்கொண்டே சொன்னாலும், தன் பெயரும் ஒருநாள் வரும், அந்தக் கறுப்பு மோட்டார் உயிரோடு இருந்தால் வரும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுவைத்திருந்தாள். ஆகவே கழுவினாள். அவன் படகைக் கட்டி முடிப்பதற்குள் குழாயோடு நிற்பாள். தண்ணீரைத் தள்ளும் விசிறியிலிருந்து மேலே தண்டுவரை, தண்டிலிருந்து கைப்பிடிவரை, பாட்டரி முனைகள்வரை. துடைப்பாள், கிரீஸ் போடுவாள், பழைய போர்வையால் போர்த்துவாள். அவள் பெற்ற நாலும் இந்தக் கவனிப்பைக் கண்டதில்லை.

ஆடி முடிந்தும் மழை இல்லை. அந்த ஊர் பெரிய ஆற்றின் வால் நுனியில் இருக்கிறது. குடிக்க, குளிக்க, எல்லாத்துக்கும் ஆற்றுத் தண்ணீர்தான் குழாயில் வரும். ஆறு இளைத்துப் படுத்துவிட்டது.

"மேல எங்கயும் மழையே இல்லையாம் மிஸ் எலோடி," என்றான் டியூரல் ஒரு நாள். "ஆத்துக்குத் தள்ள தெம்பில்ல. கடல் உள்ள ஏறிட்டு வருதாம். மேல பாத்தா தெரியாதாம், அடியில ஊந்து ஊந்து வருதாம்."

"வரட்டும். வந்தா ஒரு காப்பி குடுத்து அனுப்பறேன்."

இதைச் சொன்னபோது அவள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். அதோடு மறந்துவிட்டாள். கவலைப்பட அவளுக்கு வேறு விஷயம் இருந்தது. மோட்டாரின் மேல் மூடி இடுக்கில் வெள்ளையாக ஏதோ பூக்க ஆரம்பித்திருந்தது. வெர்லின் சொன்ன உப்பு. வளைகுடாச் சாரல் மேலேவரை தெறிக்கிறது போல என்று நினைத்து, இன்னும் அதிகமாகக் கழுவினாள். கழுவக் கழுவ அது இன்னும் பூத்தது.

ஒரே ஒரு நல்லது நடந்தது. அல்சீட் சாப்பாட்டை முறைப்பதை நிறுத்திவிட்டான். கம்போவைத் தட்டோடு வழித்தான். வெறும் சாதத்தைக்கூட இரண்டாம் முறை கேட்டான். நாக்கு பழகிவிட்டது என்று எலோடி தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள். காப்பியைத்தான் பாதியில் தொட்டியில் ஊற்றினான். அவன் குடிப்பது சிக்கரி போட்ட கறுப்புக் காப்பி. அவளுக்குக் காப்பி என்றால் டப்பாப் பாலும் மூன்று கரண்டிச் சர்க்கரையும். அதற்கு அடியில் தண்ணீர் இருப்பதே அவளுக்குத் தெரியாது, வெறும் தண்ணீர் குடிக்கிற பழக்கமும் இல்லை. இந்தக் கோடையில் சூடாக யாருக்குத்தான் குடிக்கப் பிடிக்கும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு அந்தச் சண்டை வந்தது. அல்சீட் வளைகுடாவிலிருந்து வெயிலோடு வந்தான். தாகம். அவள் கையிலிருந்த குழாயில் ஓடிய தண்ணீரைக் குனிந்து உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தான். துப்பினான். முகம் சிவந்து, "தொப்பி!" என்று கத்தினான்.

"தலையிலதான் இருக்கு," என்றாள்.

"தொப்பி! தொப்பி!" குழாயைக் காட்டினான், மோட்டாரைக் காட்டினான், தன் வாயைக் காட்டினான். பிறகு தப்பு வார்த்தை என்று தெரிந்து வானத்தைப் பார்த்துத் திட்டினான். அவள் உள்ளே போய் இன்னொரு தொப்பி எடுத்துவந்தாள். அதை வாங்கித் தண்ணீரில் எறிந்தான். அவள் மறுபடி கழுவக் குழாயை எடுத்தபோது இடது கையால் பிடுங்கிக் கரையில் வீசிவிட்டு, குழாயின் திருகு உடைகிற அளவுக்கு இறுக்கி மூடினான்.

"கழுவலன்னா இது செத்துரும், தெரியும்ல?" அவள் எறிந்த குழாயைப் பொறுக்கி எடுத்தாள். "செத்துட்டா நீ மறுபடியும் அந்த நாற்காலியில போய் உக்காந்துருவ. எனக்கு அது வேண்டாம் அல்சீட். என்னால இன்னொரு தடவ முடியாது."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

விழுந்து விழுந்து கவனிப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆம்பிளை ரோஷம் என்று எலோடி முடிவுகட்டினாள். அன்றிலிருந்து அவன் மதியம் தூங்கும்போது திருட்டுத்தனமாகக் கழுவினாள். ஒரு நாள் மோட்டாரின் மேல் மூடியைக் கழற்றி, உள்ளே பூத்திருந்த வெள்ளையையும் குழாயால் பீச்சிக் கழுவி, தலைமுடி உலர்த்துகிற கருவியால் காயவைத்து மூடினாள். வெர்லின் இதைச் சொல்லவில்லை. வெர்லினுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள்.

ஒன்பது நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு, ஐஸ் பெட்டி மேல் ரேடியோ கரகரத்தது.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை அவளுக்கு நாற்பத்தைந்து வருஷமாகத் தெரியும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தாள்.

"அல்சீட்? சொல்லு ஷா. கேக்கறேன். மெதுவாச் சொல்லு."

கரகரப்பு. பிறகு ஒரே ஒரு வார்த்தை, ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி வைத்தது போல.

"பள்ளிக்கூடம்."

"மோட்டார் நின்னுடுச்சா?"

"பள்ளிக்கூடம்," என்றான் மறுபடி. அதோடு சத்தம் நின்றது. எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை. ரேடியோவுக்கும் மோட்டாருக்கும் ஒரே பாட்டரி.

அவள் கரைக்கு ஓடுவதற்குள் டியூரல் தன் படகைக் கிளப்பிவைத்திருந்தான். அவனும் ரேடியோவில் கேட்டிருந்தான். எலோடி ஏறியதும் தெற்கே திருப்பினான்.

"எங்க போற?"

"தண்ணி இறங்குது. காத்தும் வடக்கேர்ந்து. மோட்டார் இல்லாத படகு நேரா கடல்வாய்க்குத்தான் போகும். பொழுது சாயறதுக்குள்ள அங்க பிடிக்கலன்னா வெளிக்கடல்ல போய்..."

"மேற்க திருப்பு. வேர்டன் திட்டுக்குப் போ."

"வேர்டன் திட்டா? அங்க என்ன இருக்கு? திட்டே இல்லையே. தண்ணிதான் இருக்கு."

"நாங்க படிச்ச பள்ளிக்கூடம் இருந்துச்சு."

அது உண்மைதான். டியூரல் பிறக்கும் முன்பே புயல்கள் அந்தத் திட்டைத் தின்று முடித்துவிட்டன. வரைபடத்தில்கூட இப்போது நீல நிறம்தான். டியூரல் வேகத்தைக் குறைத்தான், ஆனால் திருப்பவில்லை.

"மிஸ் எலோடி, கோவிச்சுக்காதீங்க. போன வாரம் தொப்பின்னார். நேத்து என் படகப் பாத்து கல்யாணம்னார். இன்னிக்கு பள்ளிக்கூடம். அத நம்பி மேற்கப் போயி, அவர் தெற்க இருந்தார்னா? திரும்பி வர நேரம் பத்தாது. போயிடுவார்."

எலோடிக்கும் அதே பயம்தான். கடல்வாய்ப் பக்கம் பார்த்தாள். அங்கே தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சையாக மாறும் கோடு தெரிந்தது. தான் தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தக் கோட்டுக்கு அப்பால் அவனைத் தேட வேண்டும். அவன் சொன்னதைக் காதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ரெண்டு தடவை சொன்னான். ரெண்டு தடவையும் ஒரே வார்த்தை. அதற்கப்புறம்?

"டியூரல், தப்பா ஒரு வார்த்த வந்தா அவன் என்ன பண்ணுவான்?"

"திட்டுவார். கல்யாணம்னு சொல்லிட்டு என்னை திட்டின திட்டு இருக்கே..."

"இன்னிக்குத் திட்டினானா?"

டியூரல் யோசித்தான்.

"திட்டல," என்றான் மெதுவாக.

"அப்ப திருப்பு."

திருப்பினான்.

மேற்கே இருபது நிமிஷம். எலோடி படகின் முன்னால் நின்றுகொண்டு, உட்காரச் சொன்னதையும் கேட்காமல், முணுமுணுவென்று ஜெபம் சொன்னாள். ஜெபத்துக்கு நடுவே அவனைத் திட்டவும் செய்தாள். ரெண்டும் ஒரே மூச்சில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருந்தது வாசற்படி மட்டும்தான். ஐந்து சிமெண்டுப் படி, பக்கத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி, நாலு பக்கமும் தண்ணீர். ஏறினால் போய்ச் சேர எதுவும் இல்லாத படி. இரும்புக் கைப்பிடியில் தட்டைப் படகு கட்டியிருந்தது. ஒற்றைக் கையால் போட்ட முடிச்சு, கோணல்மாணலாக, ஆனால் இறுக்கமாக. நீளக் கழியால் ஒரு கையில் உந்தி உந்தி, இறங்குகிற தண்ணீருக்குக் குறுக்கே அவன் அங்கே வந்து சேர்ந்திருக்கிறான். மேல் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாலில் கரும்பொட்டு வைத்த சிவப்பு மீன் ஒன்று கிடந்தது.

எலோடி படகு நிற்பதற்குள் படியில் தாவினாள். முட்டி சிராய்ந்தது. அவன் தலையைப் பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவன் இடது கை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளைத் தள்ளிப் பிடித்து, முகத்தை ரொம்பக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு சொன்னான்:

"லேட்டு."

ஐந்து வருஷப் படிப்பில் ஒரு நாள்கூட அவள் மணி அடிப்பதற்கு முன் அந்தப் படி ஏறியதில்லை. அவளைக் கொண்டுவந்து விடும் அப்பாவின் படகு அப்படி. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அல்சீட் தினமும் அதைச் சத்தமாக ஆசிரியையிடம் சொல்லிக்கொடுப்பான். எலோடிக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து மூக்கு ஒழுகியது. டியூரல் தன் படகில் வேண்டாத கயிற்றை எல்லாம் எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

தட்டைப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும்போது டியூரல் மோட்டாரின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே சுவிட்சு பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து ஒட்டிக்கிடந்தது.

"மோட்டார் உயிரோடதான் இருக்கு மிஸ் எலோடி. சுவிட்சு ஷார்ட் ஆகிப் பாட்டரியையும் குடிச்சுடுச்சு, அவ்ளோதான். வெர்லின்கிட்ட பழசு கிடக்கும், மாத்திடலாம்." விசிறியைத் தூக்கிப் பார்த்தான், தண்டைத் தடவினான். "இதான் புரியல. எந்நேரமும் உப்புத் தண்ணிக்குள்ள கிடக்கற கீழ்ப்பக்கம் சுத்தமா இருக்கு. கடல் எட்டவே எட்டாத மண்டைக்குள்ள எப்படி இவ்ளோ உப்பு போச்சு?"

எலோடிக்கும் புரியவில்லை. அல்சீட் தலையைக் குனிந்து மூக்கால் சிரித்தான்.

வீட்டுக் கரையில் இறங்கியதும், செத்த சுவிட்சோ உயிருள்ள சுவிட்சோ, அவள் கால் தானாகக் குழாய்க்குப் போனது. திருகித் திறந்தாள். மோட்டார் மேல் தண்ணீர் விழுவதற்குள் அல்சீட் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா," என்றாள். ஆனால் இந்த முறை கையை உதறவில்லை. மேற்கே திருப்பியது அவன் சொன்ன ஒற்றை வார்த்தைதான், அதை நினைத்துக்கொண்டாள். என்னதான் சொல்ல வருகிறான் பார்ப்போம் என்று நின்றாள்.

அவன் பிடுங்கவில்லை, கத்தவில்லை. ஓடுகிற தண்ணீரில் விரலை நனைத்து, குழந்தைக்கு மருந்து தடவுவது போல, அவள் கீழ் உதட்டில் தடவினான்.

எலோடி நாக்கால் தொட்டாள். மறுபடி தொட்டாள். குழாயைத் தானே கையில் பிடித்து ஒரு மடக்கு குடித்தாள்.

கடல் ஆற்றில் ஏறி, குழாயில் இறங்கி, எத்தனையோ நாளாக அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. காப்பி கொடுத்து அனுப்புகிறேன் என்றாளே, அந்தக் காப்பிக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அவன் வழித்து வழித்துத் தின்ற சாதம், தொட்டியில் ஊற்றிய காப்பி, பிடுங்கி எறிந்த குழாய், தண்ணீரில் போன தொப்பி. கடல் போக முடியாத இடத்துக்கெல்லாம் கண்ணும் கருத்துமாக உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான்.

"நீ அன்னிக்கே சொன்ன," என்றாள். "சொல்லிட்டே இருந்த. நான்தான் தொப்பி எடுக்கப் போயிட்டேன். மன்னிச்சுக்கோ ஷா."

அவன் தலையை ஆட்டினான். வாயைத் திறந்தான், மூடினான். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் நனைந்தது. குழாயை மூட ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"உப்பு," என்றான் அல்சீட். திட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவன் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தான், இருட்டு அறையில் சாவியைத் துழாவுகிறவன் மாதிரி. பிறகு அவன் முகம் தளர்ந்தது.

"உப்பு, எலோடி," என்றான். "உப்பு."